மேல்நோக்கி எண்ணுதல்

ஹிப்னோதெரபி சான்றிதழில் மை காயவில்லை.
பித்தோம் நகரில், பல் மருத்துவர் ஒருவரின் மாடியில்
வாடகைக்கு எடுத்த அறை.
தரை வழியே துளைக்கருவியின் ரீங்காரம்.
முதல் ஆள் நீங்கள்தான் என்று
எவால்ட் பியோன்டெக்கிடம் நான் சொல்லவில்லை.

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:
சங்கிலியில் ஆடும் கடிகாரம் எங்கே?
இல்லை.
கோழிபோல் கொக்கரிக்க வைப்பாயா?
மாட்டேன்.
தூங்கிவிடுவேனா?
பேருந்தின் ஜன்னலோரம் எதையோ நினைத்திருந்து
இறங்கும் இடத்தைத் தவறவிடுவீர்களே, அதுபோல.
அறிதுயில்.
அறிவு விழித்திருக்கும்.
பிடிக்கவில்லையென்றால் கண்ணைத் திறக்கலாம்,
சாவி உங்கள் சட்டைப்பையில்தான்.

வியாழனன்று அவருக்கு முதுகு ஸ்கேன்.
இருமுறை அந்தக் குழாய்க்குள் தள்ளப்பட்டு
இருமுறையும் அவசரப் பொத்தானை அழுத்தி
வெளியே வந்தவர்.

கையேட்டின் பதினான்காம் பக்கம் எனக்கு மனப்பாடம்.
மூச்சை மெல்ல விடுங்கள்.
எதிரே பத்துப் படிகள், கீழே இறங்குகின்றன.
பத்து. ஒன்பது. ஒவ்வொரு படியிலும் இன்னும் ஆழமாக...

எட்டில் விரல்கள் நாற்காலிக் கையை நெரித்தன.
ஏழில் நெற்றி வேர்த்தது.
நிறுத்தினேன்.

"முப்பத்தொரு வருஷம் கீழேதான் இறங்கினேன், பெண்ணே.
எழுநூறு மீட்டர். கரி.
ஒருநாள் கூண்டில் ஆறு பேர் இறங்கினோம்,
ஐந்து பேர் ஏறினோம்."

பதினைந்தாம் பக்கத்தைப் புரட்டினேன்.
அதில் கால்விரல்களைத் தளர்த்தச் சொல்லியிருந்தது.

ஷிப்ட் முடிந்ததும் எங்கே போவீர்கள்?
"பரணுக்கு. புறாக்கள்."
அந்த ஒரு சொல்லில்
அவர் தோள் இரண்டு விரற்கடை தாழ்ந்தது.

மறுபடி கண் மூடினார். ஏறினோம்.
ஒன்று, இரண்டு, மர ஏணி.
மூன்றாம் படி கிறீச்சிடும் என்று அவரே திருத்தினார்.
ஐந்தில் ஓட்டிடுக்கு வெளிச்சம், அதில் தூசி.
எட்டில் சோளமும் பட்டாணியும் கலந்த வாசனை.
எத்தனை புறா என்றேன்.
உதடு அசைய எண்ணியவர்
இருபத்திரண்டில் வெகுநேரம் நின்றார்.
ஒன்று இன்னும் திரும்பவில்லையாம்.
காத்திருப்போம் என்றேன்.
காத்திருந்தோம்.
அந்த எந்திரம் தடதடக்கும்போது
ஓட்டின்மேல் சிறகுகள் இறங்குவதாக இருக்கட்டும் என்றேன்.
அது கையேட்டில் இல்லை.

வியாழன் மாலை தொலைபேசி.
நாற்பது நிமிடம் படுத்திருந்தாராம்.
"பொத்தானைத் தொட்டேன். அழுத்தவில்லை."
பயம் போயிற்றா என்று கேட்க எனக்குத்தான் பயம்.

பிறகு, குரலைத் தாழ்த்தி:
"நீலக்கழுத்து வந்துவிட்டது.
உள்ளேதான் சொல்கிறேன்.
பரணில் இன்னும் இல்லை."