அடுத்துள்ள பக்கம்

புன்டா அரீனாஸில் சூரியன் வடக்கே நிற்கும்.
ஜூன் மாத நண்பகலிலும்
பதின்மூன்று பாகை சொச்சத்துக்கு மேல் ஏறாது;
தகரக் கூரைகளில் கைவைத்துக் கைவைத்து
நொண்டிக்கொண்டே மேற்கே போகும்.
இங்கே யாரும் யாரிடமும்
எனக்கு நிழலாக இரு என்று கேட்பதில்லை.

நகராட்சிப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
நிழலின் நீளம், மீட்டரில்.
வரப்போகும் கட்டடம் எட்டு மாடி,
இருபத்து நான்கு மீட்டர்.
உயரத்தைக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுத்தால்
நிழல் வந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கு.
எந்தத் தேதியின் கோணம் என்றுதான்
படிவம் கேட்கவில்லை.

"மார்ச் இருபத்தொன்று போடு, யெர்க்கா.
எல்லாரும் அதைத்தான் போடுவார்கள்"
என்றார் பால்தொமேரோ, ரொட்டியை மென்றபடி.
போட்டேன். முப்பத்திரண்டு மீட்டர்.
தெருவைத் தாண்டி ஒரு காலி மனையில்
சாதுவாகப் படுத்துக்கொள்ளும் நிழல்.

ஜூன் இருபத்தொன்று போட்டேன்.
நூறு மீட்டர் எழுபது சென்டிமீட்டர்.
இது படுக்கவில்லை, நடக்கிறது.
எழுபத்திரண்டாவது மீட்டரில்
வரைபடத்தில் ஒரு சின்னச் சதுரம். வீடு.

பள்ளியில் அந்தக் கோட்டுக்கு
அடுத்துள்ள பக்கம் என்று பெயர் சொன்னார்கள்.
அங்கே ஆள் குடியிருக்கும் என்று
சொல்லவில்லை.

சரியாக ஒரு மீட்டருக்கு அறுத்த
துடைப்பக் கட்டையோடு போனேன்.
முதுகில் வெயில்.
ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய நான்
ஆறரை மீட்டர்ப் பெண்ணாகி,
வேலியை எட்டுமுன்பே
அவர் கதவைத் தொட்டுவிட்டேன்.

நோல்பெர்த்தோ கார்கமோ.
நண்டுத் தொழிற்சாலையில் இரவு வேலை.
கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.
"வெயிலா? நான் பகலில் தூங்குகிறவன்.
சன்னலைக் கம்பளி போட்டு அடைத்திருக்கிறேன், பாருங்கள்."
எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.
சன்னலோரம் வெயில் காயும் யாரோ ஒருவரை
வழியெல்லாம் மனதில் செய்துகொண்டு வந்திருந்தேன்.

பிறகு அவர் வாசற்படியைக் காட்டினார்.
ராத்திரிப் பனி இறுகிக் கண்ணாடியாகும்.
ஒன்றிலிருந்து இரண்டரைவரை
வெயில் அதை நக்கி எடுக்கும்.
ஆறு மணிக்கு, இருட்டில்,
அவர் அதில் கால்வைத்து வேலைக்கு இறங்குவார்.
"உருகவில்லை என்றால், என் இடுப்பெலும்பு."

காற்று கட்டையை இரண்டு முறை தள்ளியது.
மூன்றாம் முறை அவரே பிடித்துக்கொண்டார்,
செருப்பில்லாமல், வெறும் கம்பளிக் காலுறையில்.
நாடாவை இழுத்தேன்: நான்கு மீட்டர் பதினெட்டு.
கணக்கைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு.
தெரு சற்று மேடு. அல்லது
அவருக்குக் கை நடுங்கியிருக்கும்.

கட்டத்துக்குள் எழுதினேன்: 100,7.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பொடி எழுத்தில்:
மே பதினான்கு முதல் ஜூலை முப்பது வரை
எழுபத்தெட்டு நாள்
ஒரு படி உருகாது.

குழுக் கூட்டத்தில் ஒருவர்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
காற்புள்ளி இடம் மாறி விழுந்துவிட்டதோ?
10,07 என்றல்லவா இருக்க வேண்டும்?
பென்சில் அவர் கையில் இருந்தது.

மணி ஒன்று நாற்பது.
நான் காபி பிளாஸ்கைத் தூக்கி
வடக்குச் சன்னல் ஓரமாய் மேசைமேல் வைத்தேன்.
ஒரு முழத்துக்கும் குறைவான பிளாஸ்க்.
அதன் நிழல் படிவத்தைத் தாண்டி,
அவர் பென்சிலைத் தாண்டி,
எதிரே இருந்த அம்மாளின் மடியில் போய் விழுந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலியை மட்டும்
கொஞ்சம் வெயிலுக்கு நகர்த்திக்கொண்டார்.