துப்பியவை

ஜூலையில் நீர் குளிர்ந்ததும் தொடங்கும்.
புரூமிலிருந்து வடக்கே படகில் ஒரு பகல்.
அடித்தட்டில், விளக்குக்குக் கீழே, என் மேசை.
மதுரையில் பல் வைத்தியர் பக்கத்தில் ஆறு வருடம் நின்றவள் நான்,
வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள்.
இந்த வாய்கள் சொன்னால் திறக்காது.
நெருக்கி அடுக்கி மூச்சுத் திணறவிட்டு
மறுபடி நீர் விட்டால்
கொட்டாவி மாதிரி ஒரு விரல் அகலம்.
அந்த நொடியில் ஆப்பு.

அதற்குமுன் ஒன்று சாகவேண்டும்.
உதட்டு நிறம் பார்த்து எடுத்தது:
வெள்ளி, ஓரத்தில் லேசாக இளஞ்சிவப்பு.
அதன் சதைவிளிம்பை நாடாவாக அறுத்து
அரைஅரிசி அளவில் சதுரங்களாக நறுக்குகிறேன்.
மீதி சமையலறைக்கு.
இரண்டு வருடம் கழித்து வரும் முத்தின் நிறம்
சுமந்த வயிற்றுடையதாக இருக்காது.
இஞ்சி பூண்டோடு நாங்கள் தின்றோமே,
அதனுடையது.

உருண்டை அமெரிக்காவிலிருந்து வருகிறது,
மிசிசிப்பி ஆற்று மட்டியின் ஓட்டைக் கடைந்தது.
உப்பே அறியாத ஓட்டின் துண்டு
இந்துமாக்கடலில் ஒன்றின் சினைப்பைக்குள்.
ஒரு கீறல். உருண்டை. சதுரம்.
சதுரம் உருண்டையைத் தொட்டே ஆகவேண்டும்,
தொடாவிட்டால் வெறும் பாரம்.
ஆப்பை உருவு.
அடுத்தது.

எதிர் மேசையில் ஹிசாகோ, ரேடியோவில் கால்பந்து.
நான் முந்நூறு முடிக்கையில் அவள் ஐந்நூறு.

சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளிதான் முத்தாகும் என்று
டெல்மாவிடம் ஒருநாள் சொல்லிவைத்தேன்.
படகோட்டி. தாய்வழி யாவுரு, தகப்பன்வழி மலாய்.
"மழையா?
மழை பெய்தால் மேல்நீரில் உப்பு குறையும்,
கயிற்றையெல்லாம் இறக்கணும்.
உன் நட்சத்திரத்தால் எங்களுக்கு டீசல் செலவு."

செருகியவை கடலடியில் தட்டுகளில் கிடக்கும்.
காயம் ஒரே பக்கம் படிந்து ஆறிவிடாமல்
முக்குளிப்பவர்கள் புரட்டிப் புரட்டிப் போடுவார்கள்.
பிறகு வலைச்சட்டத்தில் எட்டு எட்டாகத் தொங்கும்.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீரைப் பீய்ச்சி
பாசி, கொட்டலசு, கடற்பஞ்சு, எல்லாம் சுரண்டவேண்டும்.
விட்டால் மூச்சுமுட்டும்.
சந்து கிடைத்தால் பேய்க்கணவாய்
இரவோடு இரவாக ஒரு சட்டத்தைக் காலிசெய்யும்.

ஒன்பது வயதில் எனக்கு அம்மை.
ஆத்தா முத்துப் போட்டிருக்கா என்று வேப்பிலையில் கிடத்தினார்கள்.
சொறியாதே, சொறியாதே.
நெற்றியில் ஒன்றை மட்டும் சொறிந்தேன், பள்ளம் இருக்கிறது.
சிப்பிக்குக் கையில்லை,
அதனால்தான் பூசிப் பூசி மூடிக்கொள்கிறது
என்று ஓர் இரவு படுக்கையில் தோன்றியது.
காலையில் அது சரியாகப் படவில்லை.

அக்டோபரில் எக்ஸ்ரே.
ஓட்டைத் திறக்காமலே உள்ளே பார்க்கலாம்:
சாம்பல் நிழல், நடுவில் வெள்ளைப் பொட்டு.
என் முதல் ஐம்பதில் முப்பத்தொன்றுக்குப் பொட்டு இருந்தது.
பத்தொன்பது துப்பிவிட்டன.
கையே இல்லாமல்
கீறிய வழியாகவே வெளியே தள்ளி,
கீறலையும் மூடிக்கொண்டு.
பதிவேட்டில் அதற்கென்று ஒரு பத்தி உண்டு.
கோர்ட்னி தோளைக் குலுக்கினான்:
ஓய்வு கொடு, அடுத்த ஜூலையில் திரும்பப் போடலாம்.

தட்டின் அடிவலையில் சில உருண்டைகள் தங்கியிருந்தன.
அனுப்பினபடியே. ஒரு பூச்சும் இல்லை.
ஒன்றைச் சட்டைப்பையில் போட்டு மறந்துபோனேன்.

பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை.
கயிறுகளை ஆழத்துக்கு இறக்கிவிட்டு
எல்லோரும் புரூமுக்கு ஓடிவந்தோம்.
ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று,
குடிநீர் பிடித்தாயிற்று, செய்ய வேலையில்லை.
இரண்டு வார அழுக்கை இயந்திரத்தில் போட்டேன்.
உள்ளே எதுவோ
டக், டக்கென்று இரும்பில் மோதியது.
என்னவென்று தெரிந்தது.
எழுந்து போய் நிறுத்தவில்லை.
மின்சாரம் போகும்வரை சுற்றிக்கொண்டிருந்தது.