வேலை செய்யாத பொத்தான்

வார்தோவில் சூரியன் விடுப்பில் போய்
இன்றோடு பதினோரு நாள்.
நண்டு ஆலையின் இடைவேளை அறையில்
காப்பி இயந்திரம் தொண்டையைச் செருமுகிறது.
மேசையைச் சுற்றி நாலு பேர்.
பேச்சு ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி.

'கடைசித் தபால்'.
போன வருடத்து விருதுகளையெல்லாம்
வாரிக்கொண்டு போனது.
போர் காலிசெய்துவிட்ட ஒரு நாட்டில்
தபால்காரி ஒருத்தி நடக்கிறாள்,
ஆளில்லாத கதவுகளுக்கு அடியில்
கடிதங்களைத் தள்ளிக்கொண்டே.

"அவ்வளவுதான் கதை" என்கிறான் யார்லே.
"முப்பது மணி நேரம். ஒரு துப்பாக்கி கிடையாது.
நடக்கிறாள், நடக்கிறாள்,
பூட்ஸ் கடித்தால் உட்கார்கிறாள்.
எட்டு மணி நேரம் இங்கே நின்றுவிட்டு
வீட்டுக்குப் போய் அவளுக்காக வேறு நான் நடக்கவா?
எழுநூறு குரோனர்!
எத்தனை நண்டுக் கால், கணக்குப் போடு."

யாரும் போடவில்லை.
சிஸ்ஸெல் ரப்பர் கையுறையை
விரல் விரலாக உருவினாள்.
"நீ அவள் பையைத் துழாவிப் பார்த்திருக்கமாட்டாய்.
உள்ளே ஒரு பால்பல் கிடக்கிறது.
யாருடையது என்று ஏழாவது ஊர் வரைக்கும்
மூச்சுவிடமாட்டார்கள்.
தெரிந்ததும் எழுந்துபோய்
சன்னலைத் திறந்தேன். வெளியே மைனஸ் ஒன்பது."
"அழுதாயா?"
"சன்னலைத் திறந்தேன் என்றுதானே சொன்னேன்."

முடிவுக்கு வந்தோம். எல்லாச் சண்டையும் அங்கேதான்.
பையின் அடியில் மிஞ்சுவது அவளுக்கே வந்த கடிதம்.
அண்ணன் கையெழுத்து.
பிரி, அல்லது எரி.
"எரித்தேன்" என்றாள் சிஸ்ஸெல். "யோசிக்கவே இல்லை.
முகத்துக்கு நேரே கேட்க முடியாத மன்னிப்பை
எதற்குப் படிக்க வேண்டும்?"
பூதோவில் இருக்கும் அவள் அண்ணனைப் பற்றி
நாங்கள் கேட்பதில்லை.

நான் பிரித்தேன்.
ஆளுக்கு ஆள் கடிதம் மாறுமாம்,
நாம் நடந்த விதத்தைப் பொறுத்து.
மழை என்று சாக்குச் சொல்லி
மூன்று வீடுகளைத் தாண்டிப் போயிருந்தேன்.
கடிதத்துக்கு அது தெரிந்திருந்தது.
அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

அதுவரை ரொட்டியில்
பழுப்புச் சீஸை அடுக்கிக்கொண்டிருந்த ஒட்வார்,
பெல்ட் பழுதுபார்ப்பவன், மெல்லக் கேட்டான்:
"இரண்டா? மூன்றாவது ஒன்று வரவில்லையா உங்களுக்கு?"

அவன் மகன் கன்ட்ரோலரில் சோடாவைக் கொட்டியிருக்கிறான்.
அழுத்த வேண்டிய பொத்தான் இறங்கவில்லை.
இவன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான்.
கடிதத்தைக் கையில் பிடித்தபடி அவள் நின்றாள்.
பனி விழுந்தது. தோள்பட்டை வெளுத்தது.
நாற்பது நிமிடம்.
அப்புறம் அவளாகவே
கடிதத்தைப் பையின் அடியில் வைத்து மூடி
வந்த வழியே திரும்பி நடந்தாள்.
"எந்தக் கதவுக்குப் போனாலும் உள்ளே விளக்கு எரிந்தது.
அதன் மேலேதான் பெயர்கள் ஓடின."

"புளுகு" என்றான் யார்லே.
சிஸ்ஸெல் போனில் தேடினாள்.
அப்படியொரு முடிவை யாரும் எழுதியிருக்கவில்லை.
ஒட்வார் தோளைக் குலுக்கினான்.
"எனக்கென்ன தெரியும்?
பொத்தான் வேலை செய்யவில்லை."

சங்கு ஊதியது. நண்டுகளிடம் போனோம்.

இரவு இரண்டு மணி.
கடைசிக் காட்சியை மறுபடி திறந்தேன்,
இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.
திரையின் ஓரத்தில், நண்பர்கள் பட்டியலில்
பச்சைப் புள்ளி ஒன்று:
யார்லே. கடைசித் தபால். அறுபத்திரண்டு மணி நேரம்.

பனி விழத் தொடங்கியது.
சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று
யாரும் சொன்னதில்லை எனக்கு.
கட்டைவிரல் தினவெடுத்தது.
தெருவில் பனி வாரும் வண்டி
ஒருமுறை போய், ஒருமுறை வந்தது.
முப்பத்தோராவது நிமிடம்
பூனை மேசையில் ஏறி கன்ட்ரோலரை மிதித்தது.

எரிந்துவிட்டது.

காலையில், விடியாத காலையில்,
பெல்ட்டுக்கு அடியில் படுத்திருந்த ஒட்வாரிடம்
யார்லே குனிந்து கேட்டது என் காதில் விழுந்தது:
"அந்தப் பழைய கன்ட்ரோலரை
என்ன விலைக்குத் தருவாய்?"