ஏனையவை

தேயிலைக்கு ஒரு நிலையம் இருக்கிறது,
கல்லால் கட்டியது, வாசலில் பெயர்.
உருளைக்கிழங்குக்கு ஒரு பணிப்பாளர்,
அவருக்கு ஒரு டபுள் கெப்.
லீக்ஸ் என்னிடம் வருகிறது
படிவத்தின் கடைசிக் கட்டத்தில்,
பீட்ரூட், நோக்கோல், சலாது இலையோடு
ஒரே பாயில் ஒடுங்கிப் படுத்தபடி:
ஏனையவை.

கந்தப்பளையில் காலை ஏழு மணி.
பனி விலகமுதல் இலையை விரிக்கிறேன்.
இடுக்குக்குள் இலைப்பேன்,
பென்சில் முனையிலும் சிறிசு.
ஒரு தண்டில் நாற்பத்தொன்று வரை எண்ணினேன்,
பிறகு கண்ணில் நீர் கட்டிவிட்டது.
வெள்ளி பூசியதுபோல் வெளுத்த இலை.
பார்க்க அழகுதான்;
தம்புள்ளையில் அந்த அழகு
கிலோ முப்பது ரூபாய்க்குக் கீழே.

மருந்துப் போத்தலின் லேபிளைக்
கண்ணாடி போட்டு வாசித்தார் சந்தனமேரி அக்கா.
வெங்காயம் இருக்கிறது. மிளகாய் இருக்கிறது.
“எங்கட பயிர் இதில இல்லையே, மிஸ்?”
பரிசோதித்துப் பதிய காசு வேண்டும்,
கம்பனிக்கு இந்தச் சந்தை காணாது,
அரசாங்கத்துக்கு இந்தப் பயிர் காணாது
என்று சொல்ல வாய் வராமல்
“பார்ப்போம்” என்றேன்.
வாங்கும் சம்பளத்துக்கு
நான் அதிகம் சொன்ன சொல் அது.

நீல ஒட்டுத்தாள் நானூறு கேட்டு எழுதினேன்.
மூன்று மாதம் கழித்து நாற்பது வந்தது
ஒரு கடிதத்தோடு:
மீதி, நிதி கிடைக்கப்பெறின் பரிசீலிக்கப்படும்.
கிடைக்கப்பெறின்.
எவ்வளவு மரியாதையான சொல்!
தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டுக்
கதவைச் சாத்துகிறது.

காசில்லாமல் செய்ய ஒன்றுதான் மிச்சம்:
எல்லோரும் ஒன்றாய்ப் பிடுங்குவது.
இருபத்தைந்து நாள்
பள்ளத்தாக்கில் ஒரு தாளும் நிற்காமல்
அதைப் பட்டினி போடுவது.

கமநல சேவை நிலையத்தில் கூட்டம்.
லயத்துக்குப் பின்னால் பத்துப் பேர்ச்சில் நடுகிறவர்களைப்
பட்டியலில் சேர்க்க ஏலாது என்றார் எழுதுநர்,
காணிக்கு உறுதி இல்லை.
“பூச்சி உறுதி பார்த்தா இறங்குது?”
கேட்டது நான் இல்லை.
மேட்டில் இரண்டு ஏக்கரை
உறுதியோடு வைத்திருக்கும் சோமதிலக்க,
சிங்களத்தில், எழும்பி நின்று.
அவருடைய இலையும் வெள்ளிதான்.

முப்பத்தொரு கையெழுத்து, நாலு பெருவிரல்.
லொறிக்கார நிஸ்தார் நானா
“அந்த நாளையில நான் கரட் ஏத்துறன்” என்றார்.
பிடுங்கினார்கள்.
சரிவெல்லாம் மொட்டையடித்த தலைபோலக் கிடந்தது.

பதினோராம் நாள்
ஆற்றோரம் ஒரு பச்சைத் துண்டு.

மருதவீரன்.
கையெழுத்தில் ஐந்தாமவர்.
என்னைக் கண்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்தார்,
பிடிபட்டவர்போல் அல்ல,
பேச நேரம் எடுப்பவர்போல்.
மனைவியின் தோடு அடகில்.
இன்னும் ஒன்பது நாளில் வெட்டலாம்.
“இப்ப பிடுங்கினா அந்தக் காச யார் மிஸ் தருவா?”

அந்தக் கேள்விக்குரிய ஆள்
பேராதனையிலோ கொழும்பிலோ
ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கக்கூடும்.
ஆற்றோரத்தில் நான்தான் நின்றேன்.
ஆறு பேர்ச், பதினாலாயிரம் ரூபாய்.
முப்பத்து நாலு பேர் பட்டினி போட்ட வாய்
அந்த ஆறு பேர்ச்சில்
ஆறுதலாய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கோபம் வந்தது.
யார்மேல் என்று யோசிக்க நேரமும் இருந்தது,
ராகலை பஸ் பிந்தித்தான் வந்தது.

இந்த வருஷப் படிவம் முந்தாநாள் வந்தது.
கடைசிக் கட்டத்தை வெட்டி
லீக்ஸ் என்று எழுதினேன்.
கோரும் தொகை: பதினாலாயிரம்.
நோக்கம்: ஒருவர் பிடுங்குவதற்கு.
சிரிப்பார்கள், தெரியும்.
பெயர் எழுத இடம் காணவில்லை;
ஓரத்தில், தாளைத் திருப்பிப் பிடித்து,
மருதவீரன் என்று எழுதி முடிக்கையில்
‘ன்’ மடிப்பைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டது.