மூன்று டெசிபல்

வால்டீவியாவில் ஜூன் மாத மழை
வந்து போவதில்லை, குடியிருக்கும்.
தகரக் கூரையில் அது அறைகிற சத்தத்தைக்
கழித்துவிட்டுப் பதிவு செய்ய முடியாதென்று
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
"கழிக்காதே, அதுவும் வாசிக்கட்டும்" என்றான் அன்செல்மோ
டிரம்ஸ் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே.

மூடிப்போன செருப்புத் தொழிற்சாலை.
பசை நாற்றம் இன்னும் சுவரை விடவில்லை.
பள்ளிக்கூட விளையாட்டரங்கில்
இரண்டு சனிக்கிழமை
ஹாட் டாக் விற்றுச் சேர்த்த காசு
ஒன்பது நாளுக்குத்தான் வரும்.
பாட்டும் ஒன்பது.
விறகடுப்பு எரிந்தால் சடசடப்பு மைக்கில் ஏறும்,
அணைத்தால் சிமேனாவின் விரல்கள் விறைக்கும்.
அணைத்தோம்.
ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில்
கைகளைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நிற்பாள்,
பல் மருத்துவமனைச் சீருடை,
அதன்மேல் என் கம்பளிச் சட்டை.

நவேலோடு நான் நாலு வருஷம் இருந்தேன்.
எல்லோருக்கும் தெரியும்.
தரையில் கிடக்கும் ஒயரைத் தாண்டுவதுபோல்
அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.
"வேறு ஆளைப் பார்க்கலாமே" என்றாள் சிமேனா, எனக்காகத்தான்.
இந்த ஊரில் வேறு ஆள் இல்லை.
இருந்தாலும் அவன் குரல் எனக்குத்தான் தெரியும்:
பொய் சொன்னால் மூக்குக்கு ஏறும்,
அழப்போகையில் இடப்பக்கம் சாயும்;
மைக்கை நாலு விரற்கடை
நகர்த்தி வைக்க வேண்டும்.

ஏழாம் நாள் எட்டாவது பாட்டு.
விளக்கை அணைக்கச் சொன்னான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நாலு விரற்கடை நகர்த்திவிட்டு
நான் உட்கார்ந்திருந்தேன்.

"நீ கதவைச் சாத்தவில்லை,
சாத்தியிருந்தால் தட்டியிருப்பேன்."

ஓ, அந்தக் கதவு.
இரண்டு கையிலும் ஸ்பீக்கர் பெட்டி, நவேல்.
காலால் இழுத்துப் பார்த்தேன், மாட்டவில்லை.
வாடகை வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.
இவ்வளவுதான் நடந்தது.
குளிர் உள்ளே வந்து
மூன்று வருஷம் தங்கும் என்று எனக்கென்ன தெரியும்?

"தட்டியிருப்பேன்" என்ற இடத்தில் குரல் கிழிந்தது.
வெளியே மீன் சந்தைப் பக்கம்
ஒரு கடற்சிங்கம் குரைத்தது.
காஸ்பர் கிட்டாரை நிறுத்தாமல் கொண்டுபோனான்,
கை மட்டும் கொஞ்சம் மெதுவாக.
இரண்டாவது டேக்கில் சுருதி சுத்தம், மூச்சு சுத்தம்,
கடற்சிங்கமும் சும்மா இருந்தது.
எல்லோரும் இரண்டாவதைக் கேட்டார்கள்.
நான் முதலாவதை வைத்துக்கொண்டேன்.
ஏன் என்று கேட்டவன் அவன் ஒருவன்தான்.
"இதில் நீ மூக்கால் பாடவில்லை" என்றேன்.
ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவன்
நெடுநேரம் நிமிரவில்லை.

மிக்ஸிங் இரவில், நான் தனி.
அந்த வரி பேஸ் கிட்டாருக்கு அடியில் முங்கிக் கிடந்தது.
அப்படியே விட்டிருக்கலாம்.
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்,
நல்ல பாட்டு என்று மட்டும் சொல்லியிருப்பார்கள்.
என்னைக் குற்றம் சொல்லும் வரியை
மூன்று டெசிபல் உயர்த்தினேன்.
பெருந்தன்மை இல்லை.
தண்டனையும் இல்லை.
பாட்டுக்குத் தேவைப்பட்டது.
பிறகு போய் வாசல் கதவைத் திறந்து
சாத்திப் பார்த்தேன்,
மழை ஈரத்தில் மரம் உப்பியிருந்தது,
இதுவும் மாட்டவில்லை.

செப்டம்பரில் முந்நூறு இசைத்தட்டு வந்தது.
அட்டையின் பின்னால் என் பெயரில்
ஓர் எழுத்தைக் காணோம்.
ஆற்றங்கரை மதுக்கடையில் வெளியீடு.
அந்த வரிக்கு
கடை முழுக்கச் சேர்ந்து கத்தியது,
சாத்தாத கதவு
ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று இருக்கும்போல.
மேடையில் நவேல் கண்ணை மூடிக்கொண்டு
மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான்.

ஈரத் தலையோடு ஒரு பையன் என்னிடம் வந்தான்.
"அந்தப் பெண் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
அவன் நின்ற இடத்தில்
பேஸ் அதிகமாகக் கேட்டதா என்று விசாரித்தேன்.