முதுகில் மஞ்சள்

சுவரொட்டிக்கு ஒரு முகம் வேண்டும் என்றார்கள்
நைரோபியிலிருந்து.
பார்த்ததும் பேனாவைத் தேடவேண்டுமாம் கை.

நான் அனுப்பிய படத்தில் இருந்தது முதுகு.
எங்கள் மூஞ்சூறு யாருக்கும் முகம் காட்டாது.
யானையிடம் கடன்வாங்கிய மூக்கைச்
சருகுக்குள் நுழைத்துக்கொண்டு
பின்பக்கத்தை மட்டும்
வெயிலுக்குக் கொடுத்திருந்தது,
பழுத்த மாந்தோல் நிறத்தில்.

"எலிக்கு எவன் கையெழுத்துப் போடுவான், கிட்ஸாவோ?"
தொலைபேசியில் சிரித்தார்கள்.
அடுத்த வாரம்
மட்டாட்டு வண்டியில் வந்திறங்கிய கட்டில்
யானை நின்றது.
அதன் பின்னால் பனி மூடிய மலை.
எங்கள் காட்டில் மலையே கிடையாது.
ஆனைப்புளி மரத்தில் ஏறினால்
கடல் தெரியும், அவ்வளவுதான்.

மரங்களில் அதற்குள்
சிவப்பு நாடா கட்டிவிட்டிருந்தார்கள்.
நாடாவிலிருந்து நாடாவுக்கு நேர்கோடு.
யானை வளைந்து போகும், எறும்பு வளைந்து போகும்.
காட்டுக்குள் நேராக நடக்கிறவன்
எண்ணெய் தேடுகிறவன் ஒருவன்தான்.
லாரிகள் வருமாம்,
இரும்புப் பாதத்தால் தரையைத் தட்டுமாம்,
கீழே என்ன இருக்கிறது என்று கேட்குமாம்.
மூஞ்சூறும் தட்டும், மிரண்டால்,
சருகின்மேல் வாலால்.
அது எதையும் கேட்பதில்லை.
உன்னைப் பார்த்துவிட்டேன் என்கிறது.

ஜும்வா சோளம் இடித்துக்கொண்டிருந்தாள்.
சுவரொட்டியை வாங்கித்
தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.
"இவனை எனக்குத் தெரியும்.
ஜூலையில் வந்தான்.
மூன்று வரிசை தின்றான், ஏழு வரிசை மிதித்தான்.
தின்றதை விட்டுவிடலாம்."

பிறகு,
"அந்த நாடா கட்டுகிறவன் என் மகன் பாயா.
நாளுக்கு அறுநூறு ஷில்லிங்.
உன் யானை எவ்வளவு தரும்?"

பயிற்சிப் புத்தகத்தில்
ஒன்பதாம் பக்கத்தில் பதில் இருந்தது:
தேன், மழை, வண்ணத்துப்பூச்சிக் கூடு.
வாயைத் திறந்தேன்.
அவள் ஆடு இருமியது.
ஒன்பதாம் பக்கம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மூஞ்சூற்றின் முதுகைப் பற்றித்தான் சொல்ல முடிந்தது.
அந்த மஞ்சளுக்கு அடியில்
தோல் மூன்று மடங்கு தடிமன்.
துரத்துகிறவன் பளிச்சென்ற இடத்தைத்தான் கடிப்பான்.
கடி அங்கே விழும்,
கழுத்து தப்பித்துப் போய்விடும்.

உலக்கை நின்றது.
"ஆணுக்கா பெண்ணுக்கா?"
"இரண்டுக்கும்."
"அப்படியென்றால் சரி.
எழுது. காட்டுக்குள் கோடு வெட்டக்கூடாது.
அதற்குக் கீழே எழுது,
ஜும்வாவுக்கு ஏழு வரிசைச் சோளம் பாக்கி."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்.
அவள் பெருவிரலில் மாவு.
மையில் தோய்த்து அழுத்தியபோது
ரேகைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக விழுந்தது.

செய்தி எனக்கு முன்னால் நடந்தது.
மூன்றாவது ஊரில்
முன்பக்கத்தை யாரும் படிக்கவில்லை.
"திருப்பு, திருப்பு" என்றார்கள்.
முன்பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு ரேகைகள்.
பின்பக்கம்
முறிந்த வாழை, இரண்டு தண்ணீர்த் தொட்டி,
ஒரு கூரை,
தும்பிக்கையால் தூக்கி எறியப்பட்ட ஒரு சைக்கிள்,
பெயர் சொல்ல விரும்பாதவரின் கால்.

முன்பக்கம் மட்டும் போதும் என்றார்கள் நைரோபியில்.
நான் இரண்டையும் அனுப்பினேன்.
கிளிஃபி அலுவலகத்தில் ஒரு அதிகாரி
பின்பக்கத்தை வெகுநேரம் வாசித்தாராம்.
வாசித்ததோடு சரி.

லாரிகள் இந்தப் பருவத்தில் வரவில்லை.
ஒத்திவைப்பு என்று தாள் வந்திருக்கிறது;
ரத்து என்ற சொல் அதில் எங்குமே இல்லை.
நாடாக்கள் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டன.
பாயா என்னோடு பேசுவதில்லை.
எதிரே வந்தால் பாதையை மாற்றிக்கொள்கிறான்,
வளைந்து.

நேற்றிரவு யானை வந்தது.
ஜும்வா தகரப் பேசினை அடித்தாள்.
முதலில் அதன் தாயைத் திட்டினாள்,
பிறகு பெயர் சொல்லி என்னை.
பாதி ஊர் தாண்டியும் தெளிவாகக் கேட்டது.

கையில் கிடைத்த மூடியை எடுத்துக்கொண்டு
ஓடினேன்,
நானும் அடிக்க.