குறியிடாத கட்டம்

பனிச்சரிவு எச்சரிக்கை வந்த இரவில்
ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில்
நகராட்சி மேல்மாடியில் மூன்று பேர் விழித்திருந்தோம்.
தோர்கெல் வானொலியோடு.
ஹெர்தீஸ் வரைபடத்தோடு.
நான், போன மாதம் நானே எழுதிய படிவத்தோடு.

இணையத்தில் வருவதெல்லாம் எழுத்துச் சரம்.
நான்கு என்று தட்டினாலும் வந்து சேர்வது
நான்கின் வேடம் போட்ட ஒரு எழுத்து.
அதைப் பிடித்து, உதறி,
எண் என்றால் எண் அறைக்கு,
நாள் என்றால் நாள் அறைக்கு,
ஆம்-இல்லை என்றால் இரண்டே கதவுள்ள அந்த அறைக்கு
அனுப்புவது என் வேலை.
திருப்பிக் கேட்டால்
அதே வேடத்தில் திருப்பித் தருவதும்.

ஒன்பது மணிக்கு முதல் பிழை.
அடையாள எண் செல்லாது, ஒரு இலக்கம் குறைகிறது.
பிறந்த தேதியில் தொடங்கும் எண் எங்களுடையது.
நான்காம் தேதி பிறந்தவருக்கு முன்னால் ஒரு பூஜ்யம்.
நான் அதை முழு எண் என்று அறிவித்திருந்தேன்.
இடப்பக்கத்துப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று
நாம் பள்ளியில் படித்ததை
இயந்திரமும் படித்திருக்கிறது.
மாதத்தின் முதல் ஒன்பது நாளில்
அன்றிரவு இந்த ஊரில் எவருமே பிறந்திருக்கவில்லை.

"இதைக் கூட்டிப் பார்க்கப்போகிறோமா?"
என்றாள் ஹெர்தீஸ், வரைபடத்திலிருந்து தலை தூக்காமல்.
கூட்டப்போவதில்லை. கழிக்கப்போவதுமில்லை.
ஒரு சொல்லை மாற்றினேன்.
பூஜ்யங்கள் ஊர் திரும்பின.

வீட்டில் எத்தனை பேர்?
சரிவுத் தெருவிலிருந்து மால்ஃபிரிதுர் எழுதியிருந்தார்:
ஒன்று, பூனையைச் சேர்க்காவிட்டால்.
என் நிரல் சிவப்பில் திருப்பி அனுப்பியது.
மறுபடி வந்தது: ஒன்றரை.
மறுபடி சிவப்பு.
பிறகு வெறும் 1.
அந்த ஒன்றுக்குள் எவ்வளவு கோபம் என்று குறிக்க
நான் இடம் விட்டிருக்கவில்லை.

நள்ளிரவில் தோர்கெல் பட்டியல் கேட்டான்.
வண்டி ஒன்றுதான்,
உதவி வேண்டாதவர்களை விட்டுவிடலாம்.
இருநூற்றுப் பதினாறு வீடுகள்.
வேண்டும் என்றவை ஏழு.
அச்சுப் பொத்தான் மேல் விரலை வைத்தவன்
நின்றேன்.

குறியிடாத கட்டம் இல்லை என்று சொல்வதில்லை.
அது எதையுமே சொல்வதில்லை.
வந்த பொட்டலத்தில் அதன் பெயர்கூட இருக்காது.
மௌனம் சம்மதம் என்பார்கள்.
மௌனம் மறுப்பு என்று
நான் ஒற்றை வரியில் எழுதி
அதற்கு இயல்பு மதிப்பு என்று பெயரும் வைத்திருந்தேன்.
வேண்டாம் என்றவரும்
கேள்வியைக் கண்ணால் காணாதவரும்
பாதியில் மின்சாரம் போனவரும்
ஒரே பொய்யில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

எவர் எவரென்று இனிப் பிரிக்க முடியாது.
அதைத் தோர்கெலிடம் சொல்ல
எனக்கு ஒரு காபி ஆறும் நேரம் ஆயிற்று.
அவன் திட்டவில்லை.
"அப்படியானால் எல்லாக் கதவும்" என்று
கையுறையின் ஜோடியைத் தேடினான்.

ஐந்து மணிக்கு மலை இறங்கியது.
கடைசி வேலிக்கு நாற்பது மீட்டர் மேலே
ஏனோ நின்றது.
மால்ஃபிரிதுர் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்,
மடியில் அந்த அரை.
"கட்டத்தைப் பார்த்தீர்களா?" என்றேன்.
"பார்த்தேனே. உதவி வேண்டுமா என்று கேட்டது.
தெரியவில்லை என்று போட இடமில்லை."

இப்போது அங்கே மூன்று வட்டங்கள்.
எதையும் தொடாமல் அனுப்பினால்
நிரல் அதை எதுவாகவும் ஆக்குவதில்லை.
வெறுமை என்றே பதிந்து
தோர்கெலின் பட்டியலில் மேலே ஏற்றுகிறது.
படிவத்தை அவர் மறுபடி திறந்தால்
விட்ட இடத்தில் பூஜ்யம் நிற்கும்.

பேர் எண்ணிக்கை மட்டும் இன்னும் முழு எண்தான்.
பூனைக்குத் தனி வரி கேட்டு
அவர் காகிதத்தில் எழுதிய கடிதம்
என் மேசையில் கிடக்கிறது,
இன்னும் எந்த அறைக்கும் அனுப்பப்படாமல்.